பிழைத்தவள் யார்? – கே. எஸ். சேதுமாதவன் திரைப்படங்களில் கத்தோலிக்க நோக்கும் பெண்ணின் பாலுணர்வும்

1. முன்னுரை

‘பிழைத்தவள்’ என்னும் சொல்லைத் தமிழர் கேட்டால், நோயினின்றோ விபத்தினின்றோ உயிர் தப்பிய பெண் ஒருத்தியை நினைப்பர். அச்சொல்லின் மலையாள வடிவமாகிய ‘பிழச்சவள்’ என்பதை மலையாளிகள் கேட்டால், ஒழுக்கம் தவறியவள் என்று ஊரார் ஒதுக்கிய பெண்ணை நினைப்பர். வேர் ஒன்று, வழக்கு இரண்டு. பழந்தமிழில் இவ்விரு பொருளும் இருந்தன. சிலப்பதிகாரப் பதிகத்தில் வரும் ‘பிழைத்தோர்’ தவறியோரே, தப்பியோர் அல்லர். பிற்காலத் தமிழ், தவறுதல் என்னும் பொருளைப் பெரும்பாலும் ‘பிழை’ என்னும் பெயர்ச்சொல்லுக்கு விட்டுவிட்டு, வினைச்சொல்லை உயிர்வாழ்தலுக்கு உரியதாக்கிக்கொண்டது. மலையாளத்தில் உயிர்வாழ்தல் பொருள் சில தொடர்களில் எஞ்சியிருப்பினும், பெண்ணைப் பற்றிப் பேசுங்கால் தவறுதல் பொருளே முந்துகிறது.

இரு மொழியும் ஒரே தெருவில் வழங்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் இவ்வேறுபாடு அகராதிச் செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. ஒரு பெண்ணின் காதலையும் கருவையும் தாய்மையையும் எந்தச் சொல்லால் சொல்வது என்பது, அவளை எங்கே நிறுத்துவது என்பதையும் முடிவுசெய்து விடுகிறது. பாலக்காட்டில் பிறந்து, மலையாளத்திலும் தமிழிலும் இந்தியிலும் படங்களை இயக்கிய கே. எஸ். சேதுமாதவன் (1931–2021) இச்சிக்கலைத் தம் படைப்புகளில் மீண்டும் மீண்டும் எதிர்கொண்டவர். அவர் கத்தோலிக்கர் அல்லர். எனினும் பெண்ணின் உடலையும் விருப்பத்தையும் பற்றிப் பேச நேர்ந்தபோது அவர் கிறித்தவக் குடும்பத்தைக் களமாகப் பன்முறை தெரிந்துகொண்டார். அவ்வாறு தெரிந்துகொண்டதன் வரலாற்றுப் பின்னணி யாது, கத்தோலிக்க நோக்கு அப்படங்களின் பெண்களுக்கு எதனைத் தந்தது, எதனை மறுத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. எல்லைப் பகுதியும் மூவகைக் கத்தோலிக்கரும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் தமிழகத்தையும் கேரளத்தையும் இணைக்கும் வழிகளுள் அகன்றது பாலக்காட்டுக் கணவாய். தெற்கே இடுக்கி மலைகளினின்று போடிமெட்டு, குமுளி வழிகள் தேனிப் பக்கம் இறங்குகின்றன. இவ்விரு பகுதிகளிலும் கத்தோலிக்கம் ஒரே முகத்துடன் விளங்கவில்லை. குறைந்தது மூன்று வகையினரை வேறுபடுத்திக் காணலாம்.

முதலாவது வகையினர், திருவிதாங்கூர்ச் சமவெளியிலிருந்து 1940களுக்குப் பின் மலைநிலங்களில் குடியேறிய சீரோ-மலபார் வழிபாட்டு முறையினர். பாலக்காட்டில் இவர்களுக்கென 1974ஆம் ஆண்டிலும், இடுக்கியில் 2003ஆம் ஆண்டிலும் மறைமாவட்டங்கள் நிறுவப்பட்டன. இரண்டாவது வகையினர், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இலத்தீன் வழிபாட்டு முறையினர். மூணாறு தேயிலைத் தோட்டங்களின் உழைப்பாளர் பலரும், பாலக்காட்டின் கிழக்கு வட்டாரத்துத் தமிழ்க் கத்தோலிக்கரும் இவ்வகையில் அடங்குவர். பின்னவர்களைக் கருதியே 2013ஆம் ஆண்டில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவாயிற்று. மூன்றாவது வகையினர், இருப்புப்பாதையோடு வந்த ஆங்கிலோ-இந்தியர். சென்னையிலிருந்து கணவாய் வழியே பேப்பூர் வரை செல்லும் பாதை 1862ஆம் ஆண்டில் நிறைவுற்றது. போத்தனூரில் அவர்தம் குடியிருப்பு நெடுங்காலம் விளங்கியது. 1956ஆம் ஆண்டில் போத்தனூர்க் கோட்டம் கலைக்கப்பட்டுப் பாலக்காட்டுக் கோட்டம் அமைந்தது. ஆங்கிலோ-இந்தியருள் கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் உளர்.

ஒரே கணவாய்ப் பகுதியில் மூவகை உடையும் மூவகைப் பேச்சும் கொண்ட கிறித்தவப் பெண்களைக் கண்டு வளர்ந்த ஒருவருக்குக் ‘கிறித்தவப் பெண்’ என்பது ஒற்றைப் படிமமாக இருந்திருக்க இயலாது. சேதுமாதவனின் இளமை பாலக்காட்டிலும் தமிழகத்தின் வடார்க்காட்டிலும் கழிந்தது. பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் பயின்றபின் அவர் தமிழ்த் திரையுலகில் கே. ராம்நாத்திடம் உதவியாளராகச் சேர்ந்தார். இரு மொழிச் சூழலும் அவருக்குத் தொடக்கத்திலிருந்தே உரியவையாக இருந்தன.

3. தீட்டும் பாவமும்

கத்தோலிக்கம் இந்நிலத்துப் பெண்ணின் உடலைப் பற்றிய பேச்சில் கொணர்ந்த மாற்றத்தை அறிய, பதினாறாம் நூற்றாண்டின் இரு நிகழ்வுகளை நோக்குதல் வேண்டும்.

கேரள மண்ணில் முதலில் அச்சேறிய இந்திய மொழி நூல்கள் தமிழ் நூல்களே. என்றிக்கே என்றீக்கசு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சாயிற்று. அடுத்து, பாவசங்கீர்த்தனத்துக்குரிய ‘கொம்பெசியொனாயரு’ 1580ஆம் ஆண்டில் கொச்சியில் வெளிவந்தது. பாவசங்கீர்த்தனம் செய்வோர் தம்மைத் தாமே ஆராய்ந்து பார்த்தற்குக் கட்டளைகளின் அடிப்படையில் வினாக்களை முன்வைப்பது இத்தகைய நூல்களின் இயல்பு. ஆகவே உடல் இச்சையைப் பற்றி வினவப்படுதலும் விடை கூறுதலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமையாயின. தனிமையில், குருவின் செவிக்கு மட்டும் உரியதாக இருப்பினும், பெண் தன் விருப்பத்தைத் தன் வாயால், தன்மை ஒருமையில் சொல்ல வேண்டிய ஓர் இடம் அங்கே பிறந்தது.

இரண்டாவது நிகழ்வு, 1599ஆம் ஆண்டு சூன் திங்களில் பேராயர் மெனேசிசு கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம். சிரியன் கிறித்தவரின் வழக்கங்களை உரோமைக்கு இயைய மாற்றுவதே அதன் நோக்கம். அம்முயற்சியின் வன்மையும், அது விளைத்த பிளவும் வரலாற்றாசிரியர் பலராலும் எழுதப்பட்டுள்ளன. நம் பொருளுக்கு இன்றியமையாதது அதன் தீர்மானங்களுள் ஒன்று. ஆண் குழந்தை பெற்றவள் 40 நாளும், பெண் குழந்தை பெற்றவள் 80 நாளும் கோயிலுக்குள் வருதல் ஆகாது என்றிருந்த வழக்கத்தைச் சங்கம் தள்ளிற்று. அதே சங்கம் ஆண்டுதோறும் பாவசங்கீர்த்தனம் செய்தலைக் கட்டாயமாக்கிற்று. குருக்கள் மணவாழ்வையும் விலக்கிற்று.

இவற்றை ஒருங்கே வைத்து நோக்கினால் ஒரு பெயர்ச்சி புலனாகும். பெண்ணுடலின் மீதிருந்த ‘தீட்டு’ கோட்பாட்டளவில் விலகி, அவ்விடத்தில் ‘பாவம்’ வந்தமர்ந்தது. தீட்டு என்பது உடலின் நிலை. செய்தவர் செய்யாதவர் என்னும் வேறுபாடு அதற்கில்லை. நாள் கழிந்தால் நீங்கும், மீண்டும் வரும். சாதி பற்றிய தீட்டோ நீங்குவதே இல்லை. பாவம் என்பது ஒருவர் அறிந்து செய்த செயல். அதற்குப் பெயர் உண்டு, அறிக்கை உண்டு, மன்னிப்பும் உண்டு. தீட்டு பெண்ணைச் சொல்லற்றவளாக்குகிறது. பாவம் அவளைச் சொல்லச் செய்கிறது. ஆனால் சொல்லும்போதே குற்றவாளியாகவும் நிறுத்துகிறது. நடைமுறையில் தீட்டு முற்றும் மறைந்துவிடவில்லை என்பதும் உண்மை. எனினும் இவ்விரட்டைத் தன்மையே பின்னர்ச் சேதுமாதவனின் திரைக்கதைகளில் முரணாக வெளிப்படுகிறது.

4. கற்பு: ‘ஞானசுந்தரி’ (1961)

பெண்ணொழுக்கம் பற்றிய தமிழ்ச் சொற்களுள் ‘கற்பு’ தலையாயது. இலக்கிய வழக்கில் அது களவுக்குப் பின்வரும் மணவாழ்வையும், மனைவியின் உறுதியையும் குறித்தது. கத்தோலிக்கத் தமிழோ இச்சொல்லை எடுத்துத் துறவியரின் வார்த்தைப்பாட்டிற்கு ஆக்கியது. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் மூன்றையும் துறவறத்தார் ஆண் பெண் இருபாலரும் ஏற்கின்றனர். மனைவிக்குரிய சொல் மணமாகாதவருக்கும், பெண்ணுக்குரிய சொல் ஆணுக்கும் உரியதாயிற்று. மலையாளக் கத்தோலிக்கர் இவ்விடத்தில் ‘பிரம்மசரியம்’ என்பர். மனைவியின் ஒழுக்கத்துக்குச் ‘சாரித்ரியம்’ என்னும் சொல் அங்கே தனியே நிற்கிறது. இரு வேறு கருத்துகளைத் தமிழ் ஒரு சொல்லுள் அடக்க, மலையாளம் இரண்டாகப் பிரித்துக்கொண்டது. மொழிபெயர்ப்பாளர் இதனைக் கருத்தில் கொள்ளாவிடின் கன்னியர் மடத்தின் ‘கற்பு’ கண்ணகியின் ‘கற்பு’ ஆகிவிடும்.

இச்சொற்சிக்கலின் நடுவே நிற்கும் கதை ஞானசௌந்தரி. சிற்றன்னையின் சூழ்ச்சியால் இரு கைகளும் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட அரசிளங்குமரி, இளவரசன் பிலேந்திரனால் காக்கப்பட்டு அவனை மணக்கிறாள். மீண்டும் சூழ்ச்சிக்கு ஆளாகிக் குழந்தைகளோடு காடு புகுகிறாள். தேவமாதாவின் அருளால் கைகளைத் திரும்பப் பெறுகிறாள். கையிழந்த கன்னியின் கதை ஐரோப்பிய நாட்டுப்புறத்தில் பரவலாக அறியப்பட்டது. கிரிம் உடன்பிறந்தார் தொகுப்பிலும் இடம்பெற்றது. தமிழகத்தில் அது கத்தோலிக்க நாடகமாக வேரூன்றியது. 1948ஆம் ஆண்டில் ஜெமினி நிறுவனமும், ஜோசப் தளியத்தின் சிட்டாடல் நிறுவனமும் ஒருங்கே இக்கதையைப் படமாக்கின. சிட்டாடல் படமே வெற்றி பெற்றது. அதில் ஜிக்கியும் பி. ஏ. பெரியநாயகியும் பாடிய தேவமாதா வேண்டுதல், சமய எல்லை கடந்து தமிழ் மக்களிடையே பரவியது.

இதே கதையைச் சேதுமாதவன் 1961ஆம் ஆண்டில் ‘ஞானசுந்தரி’ என்னும் பெயரில் மலையாளத்தில் எடுத்தார். டி. இ. வாசுதேவன் தயாரிக்க, பிரேம்நசீரும் எல். விஜயலட்சுமியும் நடித்த இப்படமே மலையாளத்தில் சேதுமாதவனின் முதற் படம். தமிழ்க் கத்தோலிக்கக் கதை ஒன்றை மலையாளத்திற்குப் பெயர்ப்பதில் அவரது மலையாளத் திரைவாழ்வு தொடங்குகிறது என்பது நோக்கத்தக்கது.

கதையில் வெட்டப்படும் உறுப்பு கையாக இருப்பதற்குத் தமிழ்ச் சூழலில் தனிப்பொருள் உண்டு. திருமணத்தைக் ‘கைப்பிடித்தல்’, ‘கைத்தலம் பற்றுதல்’ என்பது நம் வழக்கு. கத்தோலிக்கத் திருமணச் சடங்கிலும் மணமக்கள் வலக்கைகளைச் சேர்க்கின்றனர். பற்றுதற்குக் கையில்லாத பெண்ணை இளவரசன் மணக்கிறான். அவள் மனைவியாகிறாள், தாயாகிறாள்; ஆனால் எதனையும் தானாக எட்டிப் பற்றுவதில்லை. விருப்பம் என்பது கையை நீட்டுதல் எனின், ஞானசுந்தரி விருப்பமற்ற தாய்மையின் உருவம். அவளுக்குக் கை திரும்புவதும் கன்னியாகவும் தாயாகவும் வழிபடப்பெறும் மரியாளால்தான். கத்தோலிக்க மரபு பெண்ணுக்கு அளித்த மிக உயர்ந்த இடமும், அவ்விடத்தை அடைய அவள் கொடுக்க வேண்டிய விலையும் இக்கதையில் ஒருங்கே உள்ளன.

5. சட்டை: ‘சட்டக்காரி’ (1974)

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்த ‘சட்டக்காரி’ இதற்கு நேர் எதிரான பெண்ணைக் காட்டியது. பம்மனின் கதைக்குத் தோப்பில் பாசி திரைக்கதை எழுத, மஞ்ஞிலாஸ் நிறுவனத்தின் எம். ஓ. ஜோசப் தயாரித்த இப்படத்தின் ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா. நாயகி ஜூலியாக நடித்தவர் தமிழ் நடிகை லட்சுமி. எஞ்சின் ஓட்டுநரான தந்தை மோரிசாக அடூர் பாசியும், தாய் மார்கரெட்டாகச் சுகுமாரியும் நடித்தனர். லட்சுமியும் அடூர் பாசியும் அவ்வாண்டின் கேரள அரசு விருதுகளைப் பெற்றனர்.

தலைப்பின் சொல்லை முதலில் ஆராய்தல் தகும். தமிழிலும் மலையாளத்திலும் ‘சட்டைக்காரர்’ என்பது ஆங்கிலோ-இந்தியரைக் குறிக்கும் பழைய வழக்கு. மேலைநாட்டு உடையே அப்பெயர்க்குக் காரணம். ஆயின் மலையாளத்தில் ‘சட்ட’ என்பது சிரியன் கிறித்தவப் பெண்டிர் அணிந்த வெண்ணிற மேலாடையின் பெயருமாகும். சட்டையும், பின்புறம் விசிறி மடிப்பு வைத்துடுத்த முண்டும் அச்சமூகத்தின் அடக்கத்திற்கே அடையாளம். தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை உரிமைக்குப் போராடியபோது, மதம் மாறிய பெண்கள் சிரியன் கிறித்தவரும் மாப்பிள்ளைமாரும் அணியும் குப்பாயத்தை அணியலாம் என்று 1814ஆம் ஆண்டு ஆணை கூறிற்று. சமய எல்லையைக் கடந்த உரிமைக்கு 1859ஆம் ஆண்டு அறிவிப்பு வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆகவே ஒரே சொல் இரு துருவங்களைத் தாங்கியது. சிரியன் கிறித்தவப் பெண்ணின் சட்டை உடலை மறைத்தலின் குறி. ஆங்கிலோ-இந்தியப் பெண்ணின் சட்டையோ, முழங்காலுக்குக் கீழ் நில்லாமையால், உடலைக் காட்டுதலின் குறி. ‘சட்டக்காரி’ என்று விளிக்கும்போது ஊர் அவள் அணிந்திருப்பதைச் சொல்லி, அணியாததைக் கருதுகிறது. ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அவளது உடையிலிருந்து படித்துவிடும் வழக்கத்தையே படத்தின் தலைப்பாக்கிச் சேதுமாதவன் பார்வையாளர் முன் வைத்தார்.

கதை எளியது. ஜூலி தன் தோழி உஷாவின் அண்ணன் சசியைக் காதலிக்கிறாள், கருவுறுகிறாள். தாய் கருக்கலைப்பை எண்ணுகிறாள்; சமயப் பற்றுள்ள பெண்ணொருத்தி தடுக்கிறாள். வேலைக்குப் போகிறாள் என்று வீட்டாரிடம் கூறி அவளை வெளியூருக்கு அனுப்புகின்றனர். மறைவில் பிறந்த குழந்தை அநாதை இல்லத்தில் விடப்படுகிறது. இறுதியில் சசி உண்மையறிந்து வருகிறான். தடைகளுக்குப் பின் தாயும் சேயும் ஏற்கப்படுகின்றனர்.

காலத்தைக் கருதினால் கருக்கலைப்புக் காட்சியின் எடை புலனாகும். கருவைக் கலைத்தலையும் செயற்கைக் கருத்தடையையும் விலக்கித் திருத்தந்தை ஆறாம் பவுல் சுற்றுமடல் விடுத்தது 1968ஆம் ஆண்டு. இந்திய நாடாளுமன்றம் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது 1971ஆம் ஆண்டு. அது நடைமுறைக்கு வந்தது 1972ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள். சட்டம் கதவைத் திறந்து ஈராண்டே ஆன நிலையில், படம் சமய மனச்சான்றைக் கொண்டு அக்கதவை மூடுகிறது. மோரிசு குடும்பம் கிறித்தவத்தின் எப்பிரிவைச் சேர்ந்தது என்பதைக் கதை வலியுறுத்தவில்லை. எனினும் இம்முடிவின் உள்ளுறை கத்தோலிக்க நெறியோடு முற்றும் இயைகிறது.

அந்நெறி இங்கு இரண்டு பணிகளைச் செய்கிறது. உயிரைக் காக்கிறது, அதே வேளையில் தாயை மறைக்கிறது. குழந்தை பிறக்கலாம், ஆனால் அதன் தாய் தாயென்று அறியப்படலாகாது. பாவத்துக்கு மன்னிப்பு உண்டு எனும் கோட்பாடு வீட்டிற்குள் வரும்போது ‘ஊர் அறியாமல்’ என்னும் நிபந்தனையோடு வருகிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மறைவு இங்கே ஒரு குடும்பத்தின் மறைவாக விரிகிறது. மன்னிப்பு எளிது, மானம் அரிது என்பதை மார்கரெட் என்னும் தாயின் பாத்திரம் காட்டிவிடுகிறது.

மறுபுறம் சசியின் இல்லத்தார் தயங்குவதற்குக் காரணம் ஜூலி செய்த செயல் மட்டுமன்று. அவள் யார் என்பதும் ஆகும். அங்கே பேசப்படுவது பாவம் அன்று, கலப்பு. மூன்றாம் பகுதியிற் கூறிய தீட்டும் பாவமும் இவ்விரு வீடுகளாக எதிரெதிரே நிற்கின்றன. இன்னுமொரு சிக்கலும் உண்டு. அரசமைப்பின் 366ஆம் பிரிவு ஆங்கிலோ-இந்தியரைத் தந்தைவழி ஐரோப்பியக் கால்வழி கொண்டே வரையறுக்கிறது. ஆகவே ஜூலியின் குழந்தை, தாயின் சமூகத்துக்குச் சட்டப்படி உரியதன்று. தந்தை ஏற்காதவரை அவன் குடும்பத்துக்கும் உரியதன்று. இரு வீட்டாரின் ‘ஏற்பு’ படத்தின் இறுதியில் அத்துணை இன்றியமையாததாக இருப்பதற்கு இதுவே காரணம்.

6. பெயர்ப்பில் இழந்தது

சேதுமாதவனே இக்கதையை 1975ஆம் ஆண்டில் இந்தியில் ‘ஜூலி’ என எடுத்தார். விஜயா நிறுவனத்தின் அப்படத்திலும் லட்சுமியே நாயகி; தாயாக நடித்த நாதிரா பிலிம்பேர் விருது பெற்றார். தெலுங்கிலும் அதே ஆண்டில் கதை சென்றது. தலைப்பு மாறியதில் மொழிபெயர்ப்பியலுக்குரிய செய்தி ஒன்று உண்டு. ‘சட்டக்காரி’ என்பது பிறர் இட்ட பெயர். கேட்ட அளவில் இழிவின் தொனியும், அதை எதிர்க்கும் படத்தின் நோக்கும் உடன் வருகின்றன. ‘ஜூலி’ அவளது சொந்தப் பெயர். இழிசொல் நீங்கியது நன்றே. ஆயின் அச்சொல்லோடு ஊரின் குற்றமும் தலைப்பிலிருந்து நீங்கியது. எஞ்சியது ஒரு பெண்ணின் உடல் மட்டுமே. தென்னகத்தில் ஊரைக் கேள்வி கேட்ட தலைப்பு, வடக்கே பெண்ணை விளம்பரம் செய்யும் தலைப்பாயிற்று எனலாம்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். இந்து இயக்குநர் ஒருவர், இந்துக் குடும்பங்கள் பெரும்பான்மையாகக் காணும் படத்தில், பெண்ணின் இச்சையைக் காட்டக் கிறித்தவ இல்லத்தைத் தெரிந்துகொண்டது ஏன்? ‘பிறர் வீட்டுப் பெண்’ என்றால் பார்த்தல் எளிது. கூச்சமின்றிக் கண்டுவிட்டுத் தன் வீட்டிற்குத் திரும்பலாம். திரையில் மேலைப்பாங்கான கிறித்தவப் பெண் விருப்பத்தின் உருவமாகவும், பெரும்பான்மைச் சமயப் பெண் ஒழுக்கத்தின் உருவமாகவும் பங்கிடப்பட்டதில் இப்படத்துக்கும் பங்குண்டு. இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. அதனை மறைத்தல் ஆகாது.

எனினும் அதுவே முழு விடையன்று. சேதுமாதவன் 1966ஆம் ஆண்டில் முட்டத்து வர்க்கியின் நாவலைத் தழுவி ‘ஸ்தானார்த்தி சாராம்ம’ எடுத்தபோது, தேர்தலில் நிற்கும் கிறித்தவப் பெண்ணைக் காட்டினார். 1970ஆம் ஆண்டில் பாறப்புறத்தின் ‘அரநாழிக நேரம்’ வழியாக மற்றொரு திருச்சபையைச் சேர்ந்த முதியவரின் இல்லத்தைக் காட்டினார். அவருடைய கிறித்தவப் பெண்கள் அனைவரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர் அல்லர். மேலும், தீட்டு ஆளும் இல்லத்தில் பெண்ணின் இச்சையைப் பேசவே சொல்லில்லை. பாவம் ஆளும் இல்லத்திலோ, கண்டிக்கும் மொழியிலேனும் அதற்குச் சொல் இருக்கிறது. பெயருள்ள செயலை விவாதிக்கலாம், மன்னிக்கலாம், ஏற்கவும் செய்யலாம். கதைக்கு அம்மொழி தேவைப்பட்டது என்று கொள்வதே பொருந்தும்.

7. பிழையும் பிழைப்பும்

இச்சொற்களின் வேறுபாடு வழிபாட்டு மொழியிலும் பதிந்துள்ளது. தமிழ்க் கத்தோலிக்கர் திருப்பலியின் தொடக்கத்தில் மார்பில் தட்டிக்கொண்டு தம் ‘பாவத்தை’ ஒப்புக்கொள்கின்றனர். மலையாளக் கத்தோலிக்கர் அவ்விடத்தில் சொல்வது ‘பிழ’. ஊர் ஒரு பெண்ணை விலக்குதற்கு வழங்கும் வேர்ச்சொல்லைக் கோயிலில் ஆணும் பெண்ணும் முதியவரும் சிறியவரும் தத்தமக்கே உரியதாகச் சொல்கின்றனர். ‘பிழச்சவள்’ என்று சுட்டும் அதே வாய், ‘என்னுடைய பிழை’ என்றும் கூறியாக வேண்டும். கத்தோலிக்க நோக்கின் முரணும் அதன் வாய்ப்பும் இந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ளன.

கட்டளைகளின் பட்டியலிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. ஆறாம் கட்டளையைப் பழைய தமிழ்க் கத்தோலிக்க ஞானோபதேசம் ‘மோகபாவம்’ என்று பெயரிட்டது. சீர்திருத்தச் சபையாரின் தமிழ் விவிலியமும் மலையாள வழக்கும் ‘விபசாரம்’ (வியபிசாரம்) என்கின்றன. விபசாரம் ஒரு செயலின் பெயர். தமிழ்ச் சமூகத்தில் அது பெண்ணின் மீதே சார்த்தப்படுவது. மோகமோ உள்ளத்தின் நிலை, இருபாலர்க்கும் பொது. செயலுக்கு முன்பே உள்ளத்தைக் குற்றத்துக்குள் கொணர்ந்ததால் ‘மோகபாவம்’ கடுமையானது. ஆணையும் தப்பவிடாமையால் நேர்மையானது.

சேதுமாதவனுக்குப் பின் இவ்வாய்ப்பை மலையாளத் திரைப்படம் இன்னும் விரிவாகப் பயன்கொண்டது. கே. கே. சுதாகரனின் கதையைத் தழுவிப் பி. பத்மராஜன் 1986ஆம் ஆண்டில் எடுத்த ‘நமுக்கு பார்க்கான் முந்திரித்தோப்புகள்’ படத்தின் தலைப்பு, தமிழில் உன்னதப்பாட்டு எனவும் இனிமைமிகு பாடல் எனவும் வழங்கும் விவிலிய நூலை நினைவூட்டுவது. சாலமன் என்னும் இளைஞன், மாற்றாந்தந்தையால் வன்கொடுமைக்கு ஆளான சோபியாவைச் சிறிதும் தயங்காமல் அழைத்துச் செல்கிறான். படத்தின் திராட்சைத் தோட்டம் மைசூரில் உள்ளது. ஆயினும் இடுக்கி மலையினின்று இறங்கியவுடன் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைக் கொடிகளைக் காணும் எல்லைப்பகுதியினருக்கு அது அயலான காட்சியன்று. விவிலியத்திலேயே உடற்காதலைப் பாடும் நூல் ஒன்று இருப்பதை அப்படம் நினைவூட்டியது. கண்டிக்கும் மொழிக்கு அருகிலேயே கொண்டாடும் மொழியும் இருந்ததைக் காட்டியது. சோபியா மலையாள வழக்கின்படி ‘பிழச்சவள்’ ஆக்கப்படக் கூடியவள். கதையோ அவளைத் தமிழ் வழக்கின்படி ‘பிழைத்தவள்’ ஆக்கிற்று.

சேதுமாதவன் தமிழுக்குத் திரும்பியபோது எடுத்த படம் ‘மறுபக்கம்’. இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சிவெயில்’ கதையைத் தழுவிய இப்படம், 1990ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதுகளில் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரையைப் பெற்றது. தமிழ்ப் படம் ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. வைதிகக் குடும்பத்து மகன் கிறித்தவப் பெண்ணை மணந்துகொள்கிறான். தந்தையோ முன்னொரு காலத்தில் தன் தாயின் சொல்லுக்குப் பணிந்து முதல் மனைவியைத் தள்ளிவைத்தவர். கிறித்தவ மருமகள் இங்கே கண்டிக்கப்படும் உடல் அல்லள். வைதிக இல்லம் தன் மறைத்த பிழையைக் காணுதற்கு ஏதுவான கண்ணாடி. 1974ஆம் ஆண்டில் ‘பிழைத்தது’ பெண் எனக் கருதிய இல்லங்களை நோக்கி, 1990ஆம் ஆண்டில் இயக்குநர் ‘பிழைத்தது யார்?’ என்று வினவினார் எனக் கொள்ளலாம்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் புலப்படுவன வருமாறு. கத்தோலிக்க நோக்கு பெண்ணின் பாலுணர்வை ஒடுக்கியது என்று மட்டும் கூறுதல் அரை உண்மை. அது தீட்டின் இடத்தில் பாவத்தை வைத்து, சொல்லற்றிருந்ததற்குச் சொல் தந்தது. அச்சொல்லையே தண்டனையாகவும் ஆக்கியது. சேதுமாதவனின் ஞானசுந்தரி கைகளை இழந்து போற்றப்படுகிறாள். ஜூலி கையை நீட்டித் தூற்றப்படுகிறாள். இருவரும் ஒரே மரபின் இரு பக்கங்கள். ஞானசுந்தரிக்கு மரியாள் கைகளை மீட்டுத் தந்தாள். ஜூலிக்கு அவற்றை மீட்டுத் தர வேண்டியவர்கள் மனிதர். அவர்கள் தாமதித்த நேரமே ‘சட்டக்காரி’யின் கதை.

மொழிபெயர்ப்பாளர்க்கு இதிலிருந்து கிடைக்கும் பயன் தெளிவு. மலையாளப் படத்தின் உரையாடலைத் தமிழாக்குங்கால் ‘பிழச்சவள்’ என்பதைக் ‘கெட்டுப்போனவள்’ என்றே பெரும்பாலும் எழுத நேரும். பொருள் சரியே. ஆனால் மலையாளப் பார்வையாளர் கோயிலில் தாமே சொல்லும் ‘பிழ’ அச்சொல்லுக்குள் ஒலிப்பது தமிழில் கேட்காமல் போகும். ஒருத்தி மட்டுமே குற்றவாளியாக நிற்பாள். சட்டை, கற்பு, மோகம், பிழை ஆகிய சொற்களைப் பெயர்க்கும்போது, எவரைக் கூண்டில் ஏற்றுகிறோம், எவரை இறக்கிவிடுகிறோம் என்பதையும் மொழிபெயர்ப்பாளர் முடிவுசெய்கின்றனர். எல்லைப் பகுதியின் இருமொழியாளர் செவியில் இரு பொருளும் ஒருங்கே ஒலிக்கின்றன. தவறினாள் என்று ஒரு மொழி சொல்லும் இடத்தில், வாழ்கிறாள் என்று மற்றொரு மொழி சொல்லக் கூடும். அவ்விரண்டனையும் கேட்கும் செவியே மொழிபெயர்ப்புக்கு வேண்டுவது.